272 நிலையம், 402 கிலோமீட்டர்: லண்டன் ட்யூபின் உண்மையான அளவு

ட்யூப் என்று அழைக்கப்படும் லண்டன் பாதாள ரயிலைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று எண்கள் முதலில் வந்துவிடும்: 11 லைன், 272 நிலையம், 402 கிலோமீட்டர். மூன்றும் சரியான எண்கள்தாம். ஆனால் அவற்றை மட்டும் நம்பி அங்கே வீடு பார்ப்பதோ, ஓட்டல் அறை எடுப்பதோ சரிவராது. ஒரு நிலையத்தில் காலை நெரிசலில் நூறு விநாடிக்கு ஒரு ரயில் வருகிறது; இன்னொன்றில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அரை மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். கணக்கில் இரண்டும் ஒவ்வொரு நிலையம்தான். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, ட்யூப் எங்கே அருமையாக ஓடுகிறது, எங்கே கைவிடுகிறது என்று சொல்வதற்கே இந்த மதிப்புரை.

நிலையங்களை எண்ணும் விதம்

ஒவ்வொரு லைனிலும் எத்தனை நிலையம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். டிஸ்ட்ரிக்ட் 60, பிக்காடில்லி 53, நார்தர்ன் 52, சென்ட்ரல் 49, சர்க்கிள் 36, மெட்ரோபாலிட்டன் 34, ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி 29, ஜூபிலி 27, பேக்கர்லூ 25, விக்டோரியா 16, வாட்டர்லூ அண்ட் சிட்டி 2. கூட்டினால் 383 வருகிறது. அறிவிக்கும் எண்ணோ 272. பல லைன்கள் ஒரே நிலையத்தில் சந்திப்பதால் வரும் வித்தியாசம் இது. கிங்ஸ் கிராஸ் செயின்ட் பேங்க்ரஸில் மட்டும் ஆறு லைன்கள் நிற்கின்றன. கூட்டும்போது அது ஆறு முறை வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சர்க்கிள் லைனுக்கும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனுக்கும் சொந்தமாக ஒரு நிலையம்கூடக் கிடையாது. இரண்டும் டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன், அல்லது ஒன்றையொன்று பகிர்ந்துகொள்ளும் தண்டவாளத்தில்தான் ஏறக்குறைய முழுக்க ஓடுகின்றன. வரைபடத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் தனிக் கோடுகளாகத் தெரிவதால் கூடுதல் பாதை இருப்பதுபோலத் தோன்றும். ஒரே பாதையை மூன்று லைன்கள் பங்குபோடும் இடம் அது. அதனால்தான் டிஸ்ட்ரிக்டில் ஒரு ரயில் பழுதாகி நின்றால் சர்க்கிளும் சேர்ந்து தடுமாறுகிறது. "சர்க்கிள் லைன் பக்கத்திலேயே இருக்கிறது" என்று வீட்டு விளம்பரத்தில் போட்டிருந்தால், அங்கே வேறு எந்த லைன் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சர்க்கிள் லைன் 2009 டிசம்பரிலிருந்து வட்டமாகவும் ஓடுவதில்லை. ஹாமர்ஸ்மித்தில் கிளம்பி, எட்ஜ்வேர் ரோடு வழியாக நகரைச் சுற்றிவந்து, மறுபடியும் எட்ஜ்வேர் ரோட்டிலேயே முடிந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம் என்ற பழைய வழி இப்போது இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் இருந்தால் அவை இரண்டாகவே எண்ணப்படுகின்றன. எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரில் பேக்கர்லூவுக்கு ஒன்று, சர்க்கிளுக்கும் டிஸ்ட்ரிக்டுக்கும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டிக்குமாக இன்னொன்று. நடுவே சாலையைக் கடந்து நடக்க வேண்டும். ஹாமர்ஸ்மித்திலும் அப்படியே. சர்க்கிள், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில்கள் ஒரு கட்டடத்தில். பிக்காடில்லியும் டிஸ்ட்ரிக்டும் சாலைக்கு அந்தப் பக்கம். பேங்க், மான்யுமென்ட் இரண்டும் பூமிக்கு அடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்தும் கணக்கில் தனித்தனி. நியூயார்க்கின் 472 நிலையக் கணக்கிலும் இதே சிக்கல்தான்: இணைந்த நிலையங்களை ஒன்றாக எண்ணினால் அந்த எண்ணில் ஏறக்குறைய ஐம்பது குறைந்துபோகும். ஆகவே இரண்டு நகரங்களின் எண்ணிக்கையை அப்படியே பக்கத்தில் வைத்து எது பெரியது என்று முடிவுகட்டுவதில் பொருளில்லை.

எண் மாறுவதும் எப்போதும் புது நிலையம் கட்டியதால் அல்ல. 1994 செப்டம்பர் இறுதியில் ஆல்ட்விச் கிளையும், எப்பிங்குக்கு அப்பால் ஓங்கர் வரையிலான பகுதியும் மூடப்பட்டன. கிழக்கு லண்டன் லைன் 2007-ல் ட்யூபிலிருந்து விலகி, பிறகு ஓவர்கிரவுண்ட் என்ற வேறொரு நகர ரயில் சேவையாகத் திரும்பி வந்தது. ரயில் ஓடுகிறது, நிலையம் இருக்கிறது, ட்யூப் கணக்கில் மட்டும் இல்லை. 2021 செப்டம்பர் 20 அன்று நார்தர்ன் லைனில் நைன் எல்ம்ஸ், பேட்டர்ஸீ பவர் ஸ்டேஷன் என்று இரண்டு திறந்த பிறகுதான் 270 என்பது 272 ஆனது.

2022 மே 24 அன்று திறந்த எலிசபெத் லைனுக்கு 41 நிலையங்கள். நகர நடுவில் முழுக்கச் சுரங்கம், கூரை உயர்ந்த நிலையங்கள், ஏசி ரயில். ஆனால் 272-ல் அதற்கு இடமில்லை. நிர்வாகம் அதைத் தனிச் சேவையாகவே வைத்திருக்கிறது. டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலும் ஓவர்கிரவுண்டும்கூட வெளியேதான். கார்டு ஒன்று, வரைபடம் ஒன்று, நிர்வாகமும் ஒன்று என்பதால் பயணிக்கு இந்தப் பிரிவினை தேவையே இல்லை. ட்யூப் நிலையம் பக்கத்தில் இல்லை என்பதற்காக ஒரு பகுதியை ஒதுக்கிவிடாதீர்கள். இல்ஃபர்ட் நல்ல உதாரணம். ட்யூப் இல்லாத ஊர்தான். ஆனால் எலிசபெத் லைன் வந்தபின் நகர நடுவுக்குப் போவதில் பல ட்யூப் ஊர்களை அது முந்திவிட்டது.

பாதாளம் எவ்வளவு?

402 கிலோமீட்டரில் சுரங்கத்துக்குள் ஓடுவது 45 சதவீதம் அளவுதான். மீதி வெட்டவெளி. முழுக்கப் பூமிக்கு அடியில் பயணிகளை ஏற்றியிறக்கும் லைன்கள் இரண்டே: விக்டோரியா, வாட்டர்லூ அண்ட் சிட்டி. வெளியே ஓடுவதால் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், மொபைல் சிக்னலுக்குக் கவலையில்லை. ஆனால் வானிலையும் கூடவே வரும். பனி, கடும் வெயில், இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் ஒட்டும் ஈர இலைகள் எல்லாம் மெட்ரோபாலிட்டன், பிக்காடில்லி லைன்களின் வெளிப்பகுதிகளைத் தாக்கும். ஈர இலையில் பிரேக் போட்டால் சக்கரம் உருளாமல் வழுக்கும், வழுக்கிய இடம் தேய்ந்து தட்டையாகும், ரயில் பட்டறைக்குப் போகும். 2016 இலையுதிர் காலத்தில் பிக்காடில்லியில் ஏராளமான ரயில்கள் இப்படி ஒரே நேரத்தில் முடங்கி, சேவையே குறைந்துபோனது.

சுரங்கமும் ஒரே மாதிரி அல்ல. 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை திறந்த உலகின் முதல் பாதாள ரயில், சாலையைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடிக் கட்டியது. நீராவி எஞ்சின் ஓடியதால் புகை போக இடைவெளி விட வேண்டியிருந்தது. சுரங்கமும் பெரிதாக அமைந்தது. மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி நான்கும் இந்த வகை. 1890-ல் வந்த மின்சார ரயிலுக்குத்தான் ஆழத்தில் களிமண்ணைக் குடைந்து குழாய் போட்டார்கள். இந்தக் குழாயின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர். ரயிலுக்கும் சுவருக்கும் நடுவே மிச்சம் மிகக் குறைவு, அதனால் பெட்டியின் கூரையும் வளைந்து தாழ்ந்திருக்கும். உயரமானவர்கள் கதவோரம் நின்றால் கழுத்தைச் சாய்த்துத்தான் நிற்க வேண்டும்.

ட்யூபில் கோடைகாலத்தில் எந்த லைனில் போகிறீர்கள் என்பது அத்தனை முக்கியமாவதும் இதனால்தான். நூறாண்டுக்கும் மேலாக பிரேக், மோட்டார், மனித உடல் எல்லாம் விட்ட சூட்டைச் சுற்றியுள்ள களிமண் உறிஞ்சிவைத்திருக்கிறது. 1900 வாக்கில் 14 டிகிரி அளவில் இருந்த மண் இப்போது 20 டிகிரியைத் தாண்டிய இடங்கள் உண்டு. கோடையில் சென்ட்ரல், பேக்கர்லூ பெட்டிகளுக்குள் 30 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். பெட்டிக்குள் ஏசி வைத்தால் அது வெளியே தள்ளும் சூடு போக சுரங்கத்தில் இடமில்லை. பெரிய சுரங்கமும் திறந்த பகுதிகளும் உள்ள அந்த நான்கு பழைய லைன்களுக்கு மட்டும் ஏசி ரயில் கிடைத்தது அதனால்தான். பெட்டிக்குப் பெட்டி நடந்து போகக்கூடிய அகலமான ரயில்கள் அவை. வெயில் நாளில் சென்ட்ரல் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் போவதைவிட எலிசபெத் லைனிலோ, சர்க்கிளிலோ போனால் ஐந்து நிமிடம் கூடினாலும் வேர்வை மிச்சம். இந்தச் சூடு வீணாகவும் போவதில்லை: இஸ்லிங்டனில் கைவிடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுப் போக்கியிலிருந்து வரும் வெப்பத்தைப் பிடித்து 2020 முதல் வீடுகளுக்குக் கதகதப்பு கொடுக்கிறார்கள். நல்ல யோசனை, மற்ற இடங்களிலும் செய்ய வேண்டியது.

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். தேம்ஸ் நதிக்குத் தெற்கே ட்யூப் நிலையங்கள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அங்கே முன்பே தரைக்கு மேல் ஓடும் ரயில் பாதைகள் நெருக்கமாக இருந்தன. தோண்டுவதற்கு வசதியான களிமண்ணும் வடக்கில்தான் அதிகம். தெற்கே க்ராய்டன், லூயிஷம் பக்கம் வீடு எடுப்பவர்கள் ட்யூப் வரைபடத்தை மடித்துவைத்துவிட்டு ரயில் வரைபடத்தை எடுக்க வேண்டும். மாறாக வடமேற்கில் லைன்கள் நகரத்தின் எல்லையையே தாண்டிப் போகின்றன. அமர்ஷம், செஷம் இரண்டும் பக்கிங்ஹாம்ஷரில்; கட்டணத்துக்காக நகர நடுவிலிருந்து 1, 2 என்று வெளியே பிரித்த மண்டலங்களில் 9-ஆவதில். சால்ஃபன்ட் அண்ட் லாடிமரிலிருந்து செஷம் வரை 6.3 கிலோமீட்டர், அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு நடுவே இதுதான் அதிகத் தூரம். நெரிசல் இல்லாத நேரத்தில் அங்கே மணிக்கு இரண்டு ரயில். விக்டோரியா லைனில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36.

வரைபடம் எங்கே ஏமாற்றும்

1933-ல் ஹாரி பெக் வடிவமைத்து வெளிவந்த வரைபடம் தூரத்தைக் காட்டுவதில்லை, இணைப்பைக் காட்டுகிறது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர். ரயிலில் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இறங்கி, ஏறி, லிஃப்டுக்கு வரிசையில் நிற்பதைச் சேர்த்தால் நடப்பதே வேகம். கோவன்ட் கார்டனில் எஸ்கலேட்டர் கிடையாது. லிஃப்ட் வேண்டாம் என்று சுழல் படியில் இறங்கினாலோ ஏறினாலோ 193 படி. மாலையிலும் வார இறுதியிலும் அங்கே போக லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கி நடந்துவிடுங்கள். பேஸ்வாட்டரும் குவீன்ஸ்வேயும் வரைபடத்தில் வேறு வேறு லைன், மாற நாட்டிங் ஹில் கேட் போக வேண்டும். தரையில் ஒரே தெருவில் சில நிமிட நடை. சேரிங் கிராஸுக்கும் எம்பாங்க்மென்ட்டுக்கும் நடுவேயும் சில நிமிட நடைதான்.

மாறும் இடங்களில் சில மிகச் சிறப்பானவை, சில கால் வலிக்கவைப்பவை. இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே வெள்ளை வட்டம். ஸ்டாக்வெல்லில் விக்டோரியாவிலிருந்து நார்தர்னுக்கு, ஃபின்ஸ்பரி பார்க்கில் விக்டோரியாவிலிருந்து பிக்காடில்லிக்கு, மைல் எண்டில் சென்ட்ரலிலிருந்து டிஸ்ட்ரிக்டுக்கு, பேக்கர் ஸ்ட்ரீட்டில் ஜூபிலியிலிருந்து பேக்கர்லூவுக்கு என்றால் இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு நாலு அடி வைத்தால் போதும், அடுத்த ரயில் அங்கே நிற்கும். அதே திசையில் போகும்போது மட்டும் இந்த வசதி. கிரீன் பார்க்கில் பிக்காடில்லியிலிருந்து ஜூபிலிக்கோ விக்டோரியாவுக்கோ மாறுவது நீண்ட சுரங்க நடை. பேங்க்கில் சென்ட்ரலிலிருந்து மான்யுமென்ட் பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்குப் போவதும் அப்படித்தான். பாடிங்டனில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி பிளாட்பாரங்கள் பெரிய ரயில் நிலையத்தின் வடக்கு மூலையில்; டிஸ்ட்ரிக்ட், பேக்கர்லூ தென்பக்கம். சர்க்கிள் லைன் பாடிங்டனை இரண்டு முறை தொடுவதால் தவறான முனையில் போய் நிற்பவர்கள் தினமும் உண்டு.

கிளைகள்தான் புதியவர்களை அதிகம் தொல்லைப்படுத்துபவை. நார்தர்ன் லைன் நகர நடுவில் இரண்டாகப் பிரிகிறது: பேங்க் வழி ஒன்று, சேரிங் கிராஸ் வழி ஒன்று. கேம்டன் டவுனிலும் யூஸ்டனிலும் கென்னிங்டனிலும் இரண்டும் சந்திக்கின்றன. ரயிலின் முகப்பில் போகுமிடம் மட்டும் இல்லை, எந்த வழி என்பதும் எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகே ஏற வேண்டும். பேட்டர்ஸீ போகும் ரயில்கள் சேரிங் கிராஸ் வழி. மோர்டன் போகும் ரயில்களில் பெரும்பாலானவை பேங்க் வழி. டூட்டிங் பிராட்வேயில் தமிழ்க் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போகிறவர்கள் லெஸ்டர் ஸ்கொயரில் ஏறினால் கென்னிங்டனில் இறங்கி, அதே திசைக்கான பக்கத்துப் பிளாட்பாரத்தில் மோர்டன் ரயிலைப் பிடிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸிலிருந்து என்றால் விக்டோரியாவில் ஸ்டாக்வெல் வந்து மாறுவதுதான் மிக வேகம். வடக்கே ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போக ஹை பார்னெட் அல்லது மில் ஹில் ஈஸ்ட் என்று போட்ட ரயிலே வேண்டும். எட்ஜ்வேர் ரயிலில் ஏறியிருந்தால் கேம்டன் டவுனைத் தாண்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு பாதை வேறு.

வெம்ப்ளியிலும் பெயர்க் குழப்பம் உண்டு. வெம்ப்ளி பார்க் என்பது விளையாட்டரங்குக்கு. ஜூபிலியும் மெட்ரோபாலிட்டனும் அங்கே நிற்கும். நகைக்கடை, மளிகை, சேலைக் கடைகள் நிறைந்த ஈலிங் ரோடு அங்கிருந்து தூரம். அதன் வட முனைக்கு பேக்கர்லூவில் வெம்ப்ளி சென்ட்ரல், தென் முனைக்கு பிக்காடில்லியில் ஆல்பர்டன். ஆல்பர்டனுக்கு ஹீத்ரோ ரயிலில் ஏறக்கூடாது. பிக்காடில்லி ஆக்டன் டவுனில் பிரிகிறது, ரேனர்ஸ் லேன் அல்லது அக்ஸ்பிரிட்ஜ் ரயில் வேண்டும்.

ஹீத்ரோவில் ட்யூப் நிலையங்கள் மூன்று: 2-3 முனையங்களுக்குச் சேர்த்து ஒன்று, 4-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று. 4-க்குப் போகும் ரயில் வளையமாகச் சுற்றி 2-3-க்கு வரும், 5-க்குப் போகாது. 5-க்குப் போகும் ரயில் 4-ஐத் தொடாது. விமானத்தைப் பிடிக்கிறவர்கள் முகப்பைப் பார்க்காமல் ஏறினால் ஹட்டன் கிராஸில் இறங்கி மறு ரயிலுக்குக் காத்திருக்க நேரிடும். விமான நிலையத்திலிருந்து ஈஸ்ட் ஹாம் போகிறவர்களுக்கு பிக்காடில்லியில் வந்து ஹாமர்ஸ்மித்திலோ பேரன்ஸ் கோர்ட்டிலோ எதிர்ப் பிளாட்பாரத்தில் டிஸ்ட்ரிக்டுக்கு மாறுவதுதான் பெட்டியோடு சிரமமில்லாத மலிவான வழி. அவசரமென்றால் எலிசபெத் லைனில் வைட்சேப்பல் வரை வந்து அங்கே டிஸ்ட்ரிக்ட் பிடிக்கலாம். கட்டணம் கூடுதல், நேரம் நன்றாகக் குறையும்.

படிகள்

படி ஏறாமல் போகக்கூடிய நிலையங்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 160 ஆண்டு பழைய அமைப்பு என்ற காரணம் புரிகிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் மூட்டு வலியுள்ள அம்மாவுக்கும் காரணம் உதவாது. என் கணிப்பில் ட்யூபின் மிகப் பெரிய குறை இதுவே. ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ், பிக்காடில்லி சர்க்கஸ், லெஸ்டர் ஸ்கொயர், பேக்கர் ஸ்ட்ரீட், கேம்டன் டவுன் எனச் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில் படியில்லாத வழி இல்லை.

வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை சமதளம். வெள்ளை என்றால் பிளாட்பாரம் வரைதான். ரயிலில் ஏற ஒரு படியோ இடைவெளியோ இருக்கும். இது ஏன் என்றால், தாழ்ந்த குழாய் ரயிலும் உயர்ந்த பெரிய ரயிலும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்கும் இடங்கள் உண்டு. ரேனர்ஸ் லேனுக்கும் அக்ஸ்பிரிட்ஜுக்கும் நடுவே பிக்காடில்லியும் மெட்ரோபாலிட்டனும் பகிர்வது அப்படி. பிளாட்பாரத்தை இரண்டுக்கும் நடுவான உயரத்தில் வைத்திருப்பதால் ஒன்றில் இறங்க வேண்டும், மற்றதில் ஏற வேண்டும். சென்ட்ரல் லைனின் பேங்க் பிளாட்பாரம் வளைந்திருப்பதால் நேரான பெட்டிக்கும் வளைந்த விளிம்புக்கும் இடையே கால் நுழையும் அளவுக்குச் சந்து விழுகிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.

நம்பிப் போகக்கூடியது ஜூபிலி லைனில் 1999-ல் திறந்த நீட்டிப்பு. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை ஒவ்வொரு நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. பாதாள நிலையங்களில் பிளாட்பாரத்து விளிம்பில் கண்ணாடிக் கதவும் இருக்கிறது. ட்யூபை இன்று புதிதாகக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் பத்துப் பதினோரு நிலையங்கள் சான்று. பெட்டியோடு வருபவர்களுக்கு கிங்ஸ் கிராஸ், கிரீன் பார்க், ஏர்ல்ஸ் கோர்ட் மூன்றும் லிஃப்ட் உள்ளவை, நடை மட்டும் கூடும். ஹாம்ப்ஸ்டெட் 58 மீட்டர் ஆழம், ட்யூபிலேயே அதிகம்; அங்கே லிஃப்டைத் தவிர்த்துப் படியில் ஏறினால் 320-க்கு மேல். ஏஞ்சலில் 60 மீட்டர் நீள எஸ்கலேட்டர். நிற்பவர்கள் வலப்பக்கம், நடப்பவர்கள் இடப்பக்கம். இதை மீறினால் பின்னாலிருந்து முணுமுணுப்பு வரும்.

கார்டும் கட்டணமும்

கட்டண முறைக்கு முழு மதிப்பெண் தரலாம். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் காண்டாக்ட்லெஸ் கார்டையோ, கார்டை ஏற்றிய போனையோ கதவில் காட்டினால் போதும். நாளுக்கு இவ்வளவுதான் என்று மேல்வரம்பு உண்டு, திங்கள் முதல் ஞாயிறு வரை வாரத்துக்கும் உண்டு. வரம்பைத் தொட்டபின் பயணம் இலவசம். இயந்திரத்தில் காகித டிக்கெட் வாங்கினால் ஒரே பயணத்துக்கு மிக அதிகம் கொடுக்க நேரிடும். அது தேவையே இல்லை.

தவறு நடப்பது மூன்று விதத்தில். காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு ஏற்றிய போன் என்று மாற்றிக் காட்டினால் கணினி இரண்டையும் இரண்டு பயணிகளாக எடுத்துக்கொள்ளும்; வரம்பும் சேராது, பயணமும் முடியாது. இரண்டாவது, கதவில்லாத நிலையங்களில் வெளியேறும்போது கார்டைக் காட்ட மறப்பது. முடியாத பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். இணையக் கணக்கில் போய் எங்கே இறங்கினீர்கள் என்று பதிந்தால் பெரும்பாலும் திரும்பிவரும். மூன்றாவது, நகர நடுவைத் தொடாமல் சுற்றிப் போகும்போது மாறும் நிலையத்தில் இருக்கும் இளஞ்சிவப்பு நிறக் கருவியில் கார்டைக் காட்டாமல் விடுவது. காட்டினால்தான் 1-ஆம் மண்டலம் வழியாக வரவில்லை என்று அதற்குத் தெரியும், கட்டணமும் குறையும்.

வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 7 வரை கட்டணம் கூடுதல். ஹீத்ரோவுக்கும் 1-ஆம் மண்டலத்துக்கும் நடுவே ட்யூபில் போனால் எந்த நேரமானாலும் கூடுதல் கட்டணம்தான், 9.30 ஆகட்டும் என்று விமான நிலையத்தில் காத்திருப்பதில் பயனில்லை. 11 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் இலவசம், ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் வரை. அகலக் கதவு வழியாகச் சேர்ந்து போங்கள். 11 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளோடு சுற்றுலா வந்தால் ஆய்ஸ்டர் கார்டு (பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டை) வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் பயணிச் சலுகையைப் பதிந்துகொள்ளலாம். 14 நாள் வரை பாதிக் கட்டணம். வங்கிக் கார்டில் இந்தச் சலுகை ஏறாது.

இரவும் வார இறுதியும்

வெள்ளி, சனி இரவுகளில் ஐந்து லைன்கள் விடிய விடிய ஓடுகின்றன. விக்டோரியாவும் ஜூபிலியும் முழுமையாக. சென்ட்ரல், நார்தர்ன், பிக்காடில்லி சில பகுதிகளில் மட்டும். நார்தர்னில் பேங்க் வழி இரவு ரயில் கிடையாது. பிக்காடில்லி ஹீத்ரோ 5 வரை போகும், 4-க்குப் போகாது. அதிகாலை விமானம் 4-ஆம் முனையத்திலிருந்து என்றால் இதைக் கணக்கில் வையுங்கள். மற்ற இரவுகளில் நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் எல்லாம் நின்றுவிடும், பிறகு பேருந்துதான். வாட்டர்லூ அண்ட் சிட்டி சனி, ஞாயிறு ஓடாது.

எந்த லைனிலும் இரவில் ரயில் நிற்கும் சில மணி நேரத்தில்தான் பராமரிப்பு நடக்க வேண்டும். அது போதாதபோது வார இறுதியில் ஒரு லைனின் பாதியை மூடிவிடுவார்கள், மாற்றுப் பேருந்து விடுவார்கள். ட்யூபில் இருபது நிமிடமாகும் தூரத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஞாயிறன்று கல்யாணமோ கோயில் திருவிழாவோ இருந்தால் வியாழக்கிழமையே டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் தளத்தில் அந்தத் தேதியைக் கொடுத்துப் பாருங்கள். அன்றைய நிலையை மட்டும் பார்த்தால் வரப்போகும் மூடல் தெரியாது. வார இறுதிக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதில் லைனின் பெயரோடு எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை என்றும் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே உங்கள் நிலையம் வருகிறதா என்று பார்த்து, வந்தால் பக்கத்து லைனில் மாற்று வழியை அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.